கடையடைப்பு அன்றைக்கு என் கடை திறந்திருக்கும்

வணிகர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன வாரம் சங்கத்துப் பையன் ஒரு சுற்றறிக்கையைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனான். 2026 பிப்ரவரி 1 முதல் ஏறிய சிகரெட் வரியைத் திரும்பப் பெறக் கோரி ஒரு நாள் கடையடைப்பு, ஆட்சியரிடம் மனு என்று போட்டிருந்தது. அடியில் 'உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாக எடுத்த முடிவு' என்று அச்சடித்திருந்தீர்கள். இருபத்தாறு வருடமாகச் சந்தா கட்டுகிறவன் நான். என்னை யாரும் கேட்கவில்லை. பொதுக்குழுவும் கூடவில்லை. அந்த ஒருமனதில் என் மனதைக் கழித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் கடை காலை ஐந்தரைக்கு வழக்கம்போலத் திறக்கும்.

கூட்டம் போட்டிருந்தால் காரணத்தை அங்கேயே சொல்லியிருப்பேன். போடாததால் ஊரறிய எழுதுகிறேன்.

என் கடை நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் ஒரு முக்கில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள், கீழே வயநாட்டுக்குப் போகிற ரோடு. அப்பாவும் அம்மாவும் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கைக் கண்டிச் சீமையிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து பேர் பதிந்தவர்கள். நான் லயத்தில் வளர்ந்தவன். என்னிடம் சாமான் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஒரு முறையில் மாமன், மச்சான், சின்னம்மா. இதைச் சொல்வதற்குக் காரணம், சுற்றறிக்கையில் 'ஏழைத் தொழிலாளி' என்று நீங்கள் எழுதியிருப்பது அவர்களைத்தான்.

'இந்த வரி ஏழைத் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது' என்பது முதல் வாதம். வரியைப் பற்றிய அந்த வரியை எழுதியவர் ஒரு நாள் என் கடைக்கு வந்து கடன் எழுதும் பற்று நோட்டைப் புரட்டட்டும். கரையான் தின்றது போக இன்னும் பதினொரு நோட்டு பரணில் இருக்கிறது. நேற்று இறக்கித் தூசு தட்டினேன். 2011ஆம் வருட நோட்டில் ஒரு குடும்பத்துப் பக்கம் இப்படிப் போகிறது: அரிசி 2 கிலோ. பீடி 1 கட்டு. தேயிலைத்தூள் 50. பீடி 1. புகையிலை 1. பருப்பு கால். பீடி 1, தீப்பெட்டி 1. பால்பவுடர் என்று எழுதி அதன் மேல் ஒரு கோடு. மறுபடியும் பீடி 1.

அந்தக் கோட்டை இழுத்தது நான். அன்றைக்கு அவர்கள் பற்று எல்லை தாண்டியிருந்தது. ஏதாவது ஒன்றைக் குறைக்கச் சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் பால்பவுடரை எடுத்துப் பலகை மேல் வைத்தார். பீடிக் கட்டை வைக்க முடியாது. அது அதற்குள் அவர் வீட்டுக்காரர் சட்டைப் பைக்குப் போய்விட்டது. வயிற்றில் அடிப்பதைப் பற்றிப் பேசுகிறோம் அல்லவா? அந்த அடி எவ்வளவோ காலமாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கணக்கெழுதியவன் நான், காசு வாங்கியவனும் நான்.

எங்கள் பக்கத்து மழை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. கொழுந்துக்குப் போகிறவர்கள் அட்டைக்குப் புகையிலைச் சாறு, குளிருக்கு ஒரு பீடி என்று பழகிவிட்டவர்கள். என் சித்தப்பாவும் அப்படித்தான். பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் முன்னால் இரண்டு, செடி வெட்டும் கவ்வாத்துக்கு நடுவில் நாலைந்து, நிறுவை முடிந்ததும் ஒன்று. நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு இடது கால் பெருவிரல் மரத்துப்போனது. குளிர் என்று நினைத்துத் தினமும் ராத்திரி அடுப்படியில் கால்களை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். விரல் நீலம் பாரித்து, பிறகு கறுத்தது. கேரளத்துச் சுல்தான் பத்தேரியில் காட்டினோம், அங்கே கோழிக்கோட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே இருந்த டாக்டர் விரலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பீடி எத்தனை கட்டு?" குளிருக்குச் சூடு என்று நாம் நினைப்பது நேர்மாறு என்று அவர்தான் விளக்கினார். புகையிலையில் இருக்கிற நிகோடின் கை கால் நுனியில் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது. பீடி குடித்தால் விரல் இன்னும் சில்லிடும். சிலருக்கு அந்தக் குழாய் வீங்கி, இரத்தம் கட்டி, அடைத்தே போகும். பர்ஜர் நோய் என்று சீட்டில் எழுதினார். "இதற்கு மருந்தைவிட முக்கியம், இன்றைக்கே விட்டுவிடுவது. விட்டால் கால் மிஞ்சும். ஒன்று இரண்டு என்று குறைப்பதெல்லாம் கதைக்கு ஆகாது" என்றார். இரண்டு விரலை எடுத்து அனுப்பினார்கள்.

ஊர் திரும்பிப் பதினேழு நாள் சித்தப்பா பீடியைத் தொடவில்லை. பதினெட்டாம் நாள் குச்சி ஊன்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஒன்றே ஒன்று கொடுடா என்றார். நான் கொடுக்கவில்லை. கை நடுங்க நின்றார், திட்டினார், பிறகு அழுதார். கொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கப்புறம் சித்தி ஒற்றை ஆள் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியது தனிக் கதை. சித்தப்பாவின் பற்றில் நின்றுபோன பாக்கியை நான் தள்ளுபடி செய்துவிட்டேன். வியாபாரியாக யோசிப்பவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்: கால் போனவரும் மூச்சு போனவரும் பற்றுத் தீர்க்க வருவதில்லை.

இரண்டாவது வாதம், வரி ஏறினால் பக்கத்து மாநிலத்திலிருந்து சரக்கு கடத்தி வருவார்கள் என்பது. 2017க்கு முன்னால் இதில் கொஞ்சம் உயிர் இருந்தது. அப்போது மாநிலத்துக்கு மாநிலம் வாட் என்ற விற்பனை வரி வேறு. அந்த வருடம் ஜூலை 1 முதல் ஒரே ஜிஎஸ்டி. சேரம்பாடியிலும் சுல்தான் பத்தேரியிலும் கர்நாடகத்துக் குண்டல்பேட்டையிலும் ஒரு சிகரெட்டுக்கு ஒரே வரி. அங்கே மலிவு என்று கடத்தி வர ஒன்றுமில்லை. வரியே கட்டாத திருட்டுச் சரக்கு வருமே என்றால், அதைப் பிடிப்பது அதிகாரிகளின் வேலை. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013இல் தடை வந்தது. அதுவும்தான் பஸ் சீட்டுக்கடியில் வருகிறது. அதனால் தடையை எடுங்கள் என்று நாம் மனுக் கொடுத்தோமா?

மூன்றாவது, சிறு கடைகள் மூடப்படும் என்கிறீர்கள். இதே வார்த்தையை இதே சங்கத்தில் நெகிழிப் பைத் தடையின்போதும் கேட்டேன். அப்போது பேசியவர்களில் நானும் ஒருவன். மாநிலம் முழுக்க 2019 ஜனவரி 1இல் தடை வந்தபோது கீழ்நாட்டு வியாபாரிகள் பதறினார்கள். நீலகிரிக்காரர்களுக்கு அது பல வருடப் பழைய சங்கதி. துணிப்பை கொண்டுவராதவரைப் பார்த்து முகம் சுளிக்கிற அளவுக்கு நாம் மாறியிருந்தோம். எந்தக் கடை மூடியது? சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன். பீடிக்குப் போகாத காசு மலையிறங்கி ஓடிவிடாது. அதே வீட்டுக்காரம்மா கையில் அது முட்டையாகவும் பன்னாகவும் நான் கோடு போட்ட அந்தப் பால்பவுடராகவும் என் கடைக்கே திரும்பி வரும். சிகரெட்டில் நமக்கு நிற்கிற லாபத்தைவிட இவற்றில் நிற்பது அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நாம் கோபப்பட வேண்டிய விஷயம் உண்மையில் வேறொன்று. சுற்றறிக்கையில் அது பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2025 செப்டம்பர் 3ஆம் தேதிக் கூட்டத்தில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18ஆகவும், பீடி சுற்றுகிற இலைக்கு 18இலிருந்து 5ஆகவும் குறைக்க முடிவெடுத்தது. சிகரெட்டுக்கு 40 சதவீதம். அதற்கு மேல் ஆயிரம் சிகரெட்டுக்கு, நீளத்தைப் பொறுத்து, 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை மத்திய அரசின் கலால் வரி. சிகரெட்டுக்கும் பீடிக்கும் புது விகிதம் இந்தப் பிப்ரவரி 1இல் அமலுக்கு வந்தது. ஒன்றை ஏற்றி, மற்றதை இறக்கியிருக்கிறார்கள்.

பலகைக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்கு இதன் விளைவு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. தினமும் நாலு சிகரெட் வாங்குகிற ஜீப் டிரைவர் ஒருவர் விலையைக் கேட்டு, யோசித்து, "ஒரு கட்டுப் பீடி குடுங்க" என்றார். அவர் விட்டிருக்கக்கூடிய நாள் அது. பீடி ஒன்றும் இளைத்த சரக்கல்ல. அந்த இலை காற்றை விடாது. அணைந்துபோகாமல் இருக்க இழுத்து இழுத்துக் குடிக்க வேண்டும். நெஞ்சுக்குள் போகிற விஷம் கூடுமே தவிரக் குறையாது. சித்தப்பா தன் ஆயுளில் சிகரெட் குடித்தது கல்யாண வீடுகளில் மட்டும்தான்.

கடைக்காரன் கணக்காகவே பார்ப்போம். 100 ரூபாய்ப் பீடிக்கு 18 ரூபாய் வரி சேர்த்து 118. அதாவது கொடுக்கிற விலையில் நூற்றுக்குப் பதினைந்து சொச்சம் வரி. புகையிலை விலையில் குறைந்தது 75 சதவீதம் வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். நம் போன்ற நாடுகளில் விலை 10 சதவீதம் ஏறினால் புழக்கம் ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கணக்கை என் கல்லாப்பெட்டியும் ஒருமுறை எனக்குக் காட்டியது. அதைச் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டும், இருந்தாலும் சொல்கிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் சாயங்காலம் வருவான். "அப்பாவுக்கு ஒரு சிகரெட்." கொடுப்பேன். கையில் இருப்பது பத்து ரூபாய், பஸ் காசு என்று இப்போது புரிகிறது. ஒரு குச்சி பத்தைத் தாண்டியதும் அவனோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து வந்து ஒன்று வாங்கினார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்னும் ஏறியபோது மூன்று பேரில் இரண்டு பேர் வருவது நின்றது. மூன்றாமவன் பீடிக்கு மாறினான். அவன் அப்பா ஒரு நாள் சாமான் வாங்க வந்தார். "உங்களுக்கு சிகரெட் வேண்டாமா?" என்று கேட்டேன். "எனக்கு அந்தப் பழக்கமே இல்லையே, அண்ணே" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கயிறு கட்டிப் பள்ளிக்கூட மதில் வரைக்கும் அளந்தேன். 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்பது 2003ஆம் வருடச் சட்டம். என் கடை 112 கெஜம். தூரத்தில் நான் சுத்தம். ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்பதும் அதே சட்டத்தில் குற்றம். 2015ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டத்தில் அதற்கு ஏழு வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். நம் சங்கத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு அன்று தெரியாது.

'அவ்வளவு அக்கறை இருந்தால் நீ விற்பதை நிறுத்து' என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நியாயமான கேள்வி. மூன்று வருடத்துக்கு முன்னால் சில்லறைக் குச்சியை, அதாவது பெட்டியை உடைத்து ஒவ்வொன்றாக விற்பதை, நிறுத்தினேன். என்னிடம் வாங்கியவர்கள் நாற்பதடி தள்ளி இருக்கிற கடைக்கு நடந்தார்கள். என் மனசாட்சியால் அவருக்கு வியாபாரம் கூடியதுதான் மிச்சம். கட்டாகவும் பெட்டியாகவும் இன்றைக்கும் விற்கிறேன், உத்தமன் வேஷம் போடவில்லை. ஆனால் அந்த நாற்பதடியில் எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு கடைக்காரன் திருந்தினால் வாடிக்கை இடம் மாறும், அவ்வளவுதான். எல்லாக் கடைக்கும் ஒரே ராத்திரியில் வருவது விலையேற்றம் ஒன்றுதான். அதில் எனக்கும் அவருக்கும் பேதமில்லை. அதனால்தான் நான் வரியின் பக்கம் நிற்கிறேன்.

பெட்டியின் மேல் பார்த்திருப்பீர்கள், 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படமும் வாசகமும், விட நினைப்பவர்கள் கூப்பிட 1800-11-2356 என்ற இலவச எண்ணும் இருக்கும். ஒற்றைக் குச்சி வாங்குகிறவன் அந்தப் பெட்டியைக் கையில் வாங்குவதே இல்லை. அந்த எண்ணைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். மகாராஷ்டிராவில் 2020இலேயே சில்லறைக் குச்சி விற்கத் தடை போட்டார்கள்.

இனி பணத்துக்கு வருகிறேன். வரியை ஏற்றினால் போதும் என்று நான் சொல்லவில்லை. சித்தப்பா அந்தப் பதினேழு நாளும் ஒற்றையில் போராடினார். பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆளில்லை, தணிக்க மருந்தில்லை. நிகோடின் சூயிங்கம் என்று ஒன்று உண்டு, அது 2022ஆம் வருடத் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது என்பதெல்லாம் மிகப் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் முக்குக்கு வந்த விழிப்புணர்வு வருடத்துக்கு ஒரு பேனர், ஒரு ஊர்வலம். பிள்ளைகள் கோஷம் போட்டுக்கொண்டு போவதைப் பீடியும் கையுமாக என் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். 2016–17 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 20 பேர் ஏதாவது ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று வந்தது. அவர்கள் கட்டுகிற வரியில் ஒரு பங்கு அவர்கள் மீள்வதற்கு வர வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

அப்படி ஒதுக்குவது புதிதுமல்ல. 1976ஆம் வருடச் சட்டத்தின்படி பீடிக்கு ஒரு நல வரி வசூலித்து, பீடி சுற்றுகிறவர்களின் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் செலவழித்தார்கள். ஜிஎஸ்டி வந்தபோது அந்த வரி எடுபட்டது. 'வரியைக் கூட்டினால் தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் என்ன ஆவார்கள்' என்று கேட்பவர்களிடம் நானும் ஒன்று கேட்கிறேன். அவர்களுக்கென்று இருந்த அந்த நிதி போனபோது எந்த ஊர்ச் சங்கம் கடையடைத்தது? பீடி வரி ஏறினால் அந்தப் பெண்கள் வேறு தொழிலுக்கு மாறவும் அதிலிருந்து பங்கு போகட்டும்.

ஆகவே கேட்கிறேன்.

கடையடைப்பு அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். 'ஒருமனதாக' என்ற சொல்லை நீக்கிப் புதுச் சுற்றறிக்கை விடுங்கள். அதற்கு முன்னால் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். பற்று எழுதுகிற சின்னக் கடைக்காரர்களும் மைக்கைப் பிடிக்கட்டும், மொத்த விநியோகஸ்தர்கள் மட்டும் பேசியது போதும்.

மனு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் மாநில நிதியமைச்சருக்குக் கொடுப்போம். வரியை ஆட்சியர் நிர்ணயிப்பதில்லை. கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கு நாற்காலியும் ஓட்டும் உண்டு. பீடி வரியைச் சிகரெட்டுக்குச் சமமாக்கக் குரல் கொடுங்கள், பழைய 28க்குக் கீழே விடாதீர்கள் என்று எழுதுவோம். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

அதே மனுவில், புகையிலை வரியில் ஒரு பங்கை மீட்புக்கென்று ஒதுக்கி, நம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிகோடின் சூயிங்கமும், வாரத்துக்கு ஒரு நாளாவது ஆலோசகர் ஒருவரும் கிடைக்கும்படி கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு லயத்துக்கு ஏறி வருகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் 'பீடி உண்டா, புகையிலை உண்டா, விட விருப்பமா' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவும் பயிற்சியும் ஊதியமும் கொடுக்கச் சொல்லுங்கள். நம் அம்மாக்கள் வாயில் அடக்குகிற புகையிலையை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

சங்கம் தன் கையிலேயே செய்யக்கூடியதும் உண்டு. சில்லறைக் குச்சி விற்பதில்லை என்று உறுப்பினர் எல்லோரும் ஒரே தேதியில் நிறுத்துவோம். அந்த நாற்பதடிப் பிரச்சினை அதோடு தீரும். பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கடைகளைச் சங்கமே கயிறு போட்டு அளக்கட்டும். போலீஸ் வந்து அளப்பதைவிட அது கௌரவம். மே 1 கிராம சபையில் இதையெல்லாம் தீர்மானமாக வைக்க ஊராட்சியைக் கேட்போம். லயத்துப் பெண்கள் வந்து கை தூக்குவார்கள் என்று என்னால் சொல்ல முடியும். போன மாதம் பால் வாங்க வந்தவர்களிடம் பேசிப் பார்த்தேன். பீடி விலை ஏறட்டும் என்று சொல்லாத பெண் ஒருத்தி இல்லை. ஒருவர் மட்டும், "ஏத்துறதா இருந்தா நாளைக்கே ஏத்தச் சொல்லுங்கண்ணே, நாளன்னைக்கு சம்பளம்" என்றார்.

இதற்குப் பதில் கடிதம் வேண்டாம். பொதுக்குழுத் தேதியை மட்டும் பையனிடம் சொல்லி அனுப்புங்கள். 2011 நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
முக்குக் கடைக்காரன்,
சேரம்பாடி